அல்சைமரும் உடல் அழற்சியும்: வலி மாத்திரை மூளையைக் காக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அல்சைமர் நோய் என்று உறுதிசெய்யப்பட்டு, டோனெபெசில் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. முழங்கால் தேய்மானமும் இருக்கிறது. சென்ற மாதம் வரை தானே குளித்து, தானே சாப்பிட்டு, பக்கத்து வீட்டாரைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தவர், மூன்றே நாட்களில் ஆளே மாறிப்போனார். பகலெல்லாம் தூக்கம், இரவில் புடவை முந்தானையை விரலால் பிய்த்துக்கொண்டே, இறந்துபோன பெரியம்மா வாசலில் நிற்பதாகச் சொன்னார். காய்ச்சல் இல்லை. நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தோம். மருத்துவமனையில் சிறுநீர்த் தொற்று என்று கண்டுபிடித்துச் சிகிச்சை அளித்த பிறகு ஓரளவு தேறியிருக்கிறார். பழைய நிலை திரும்பவில்லை. உடலில் உள்ள அழற்சிதான் அல்சைமருக்குக் காரணம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படியானால் மூட்டு வலிக்கு வாங்கிய டைக்லோஃபெனாக் மாத்திரையைத் தினமும் கொடுத்தால் என்ன என்று அண்ணன் கேட்கிறார். மஞ்சள் கேப்சூலும் வாங்கி வைத்திருக்கிறோம். எனக்கு 48 வயது, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனையை நான் செய்துகொள்ள வேண்டுமா?

— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டைக்லோஃபெனாக் மாத்திரையை அம்மாவுக்குத் தினமும் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிட்டு, அவருடைய மருத்துவரிடம் அதைத் தெரிவியுங்கள். தொற்றையோ காயத்தையோ எதிர்த்து உடலின் தடுப்பாற்றல் கிளர்ந்தெழுவதைத்தான் அழற்சி என்கிறோம். அதற்கும் அல்சைமருக்கும் தொடர்பு இருக்கிறது என்பது உண்மைதான். கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகளில் அது மேலும் மேலும் உறுதிப்பட்டே வந்திருக்கிறது. அந்தத் தொடர்பை வைத்து வலி மாத்திரை வரை போவதற்குத்தான் ஆதாரம் இல்லை. அந்த அறிவு உங்கள் வீட்டில் உண்மையாகவே பயன்படும் இடம் வேறு. சென்ற மாதம் அம்மாவுக்கு நேர்ந்ததிலேயே அது இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அல்சைமர் நோய் மூன்று நாட்களில் முற்றுவதில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நகரும் நோய் அது. நேற்றுவரை தானே குளித்தவர் இன்று எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடக்கிறார், இல்லாத ஆளைக் காண்கிறார் என்றால், அதை டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பநிலையாகவே மருத்துவத்தில் கருதுகிறோம். உடலில் எங்கோ ஏதோ புதிதாகக் கெட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். முந்தானையைப் பிய்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். துணியையும் போர்வையையும் இப்படி விரலால் பறித்துக்கொண்டே இருப்பது இந்த நிலையில் நாங்கள் அடிக்கடி காணும் செய்கை. காய்ச்சல் இல்லாததிலும் வியப்பில்லை. முதுமையில் தொற்று வந்தும் உடல் சூடேறாமல் போவதுண்டு, நீர்க்கடுப்பு இருந்தாலும் அதைச் சொல்ல மறதி நோயாளிக்கு வாய் வராமல் போவதுண்டு. இரவெல்லாம் கூச்சலிடுபவரை வீட்டார் மறுநாளே அழைத்துவந்துவிடுகிறார்கள். சத்தமின்றித் தூங்கிக்கொண்டே இருப்பவரைத்தான் ‘அசதியாகப் படுத்திருக்கிறார்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆபத்து பெரும்பாலும் இந்த இரண்டாமவருக்கே அதிகம்.

சிறுநீர்ப்பையில் உள்ள தொற்று மூளையைக் கலக்குவதற்குக் கிருமி மூளை வரை போக வேண்டியதில்லை. தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் டி.என்.எஃப்., இன்டர்லியூகின்-1, இன்டர்லியூகின்-6 போன்ற சைட்டோகைன் புரதங்களை இரத்தத்தில் விடுகின்றன. மூளைக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்பில் இருக்கும் இரத்தக்குழாய்ச் சுவர் அந்தச் சேதியை வாங்கி உள்ளே கடத்துகிறது. வயிற்றையும் நெஞ்சையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் சேதி போகிறது. நமக்கெல்லாம் காய்ச்சலின்போது சோறு பிடிக்காமல், பேச்சுப் பிடிக்காமல், மந்தமாகக் கிடப்பது இந்த வழியில் வருவதுதான். ஆரோக்கியமான மூளை இரண்டு நாளில் அதிலிருந்து மீண்டுவிடும். அல்சைமர் உள்ள மூளையின் நிலை வேறு. அதில் அமைலாய்டு புரதப் படிவுகளைச் சுற்றி, மூளையின் சொந்தத் தடுப்பாற்றல் செல்களான மைக்ரோகிளியா ஆண்டுக்கணக்காகக் கூடி நிற்கின்றன; அவை சாம்பல் பூத்த தணலைப்போல இருப்பதால், உடலிலிருந்து வரும் சிறு தூண்டலுக்கும் அளவுக்கு மீறிக் கனன்று, நரம்புச் செல்களின் இணைப்புகளையே சேதப்படுத்துகின்றன. இந்த விளக்கத்தின் பெரும்பகுதி எலிகளிடம் செய்த ஆய்வுகளிலிருந்து கிடைத்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனிதர்களிடமும் அதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் கிளைவ் ஹோம்ஸ் குழுவினர் அல்சைமர் உள்ள 300 பேரை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் காலத்தில் தொற்று, காயம் போன்ற ஏதேனும் ஒரு அழற்சி நிகழ்வுக்கு ஆளானவர்களுக்கு அறிவாற்றல் சரிவு ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக இருந்தது. தொடக்கத்திலேயே இரத்தத்தில் டி.என்.எஃப். அளவு கூடுதலாக இருந்தவர்களிடம் அது நான்கு மடங்காக இருந்தது. அளவு குறைவாக இருந்தவர்களுக்கு அந்த ஆறு மாதத்தில் சரிவே பெரிதாகத் தெரியவில்லை. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு மட்டுமே. தொற்றைத் தடுத்தால் நோய் இத்தனை மாதம் தள்ளிப்போகும் என்று கணக்குச் சொல்ல அது போதாது. ஆனாலும் முதியோர் மருத்துவத்தில் நாள்தோறும் காண்பதோடு அது ஒத்துப்போகிறது. ஒவ்வொரு நிமோனியாவுக்கும், ஒவ்வொரு இடுப்பெலும்பு முறிவுக்கும் பிறகு இந்த நோயாளிகள் ஒரு படி இறங்கிவிடுகிறார்கள். சிலர் ஏறி வருகிறார்கள், சிலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

உங்கள் அம்மா எந்த வகை என்பதை இப்போதே முடிவுகட்ட வேண்டாம். டெலிரியத்திலிருந்து மீள வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். அதுவரை பகலில் வெளிச்சத்தில் உட்காரவைப்பது, கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் வைத்திருந்தால் அவற்றை மறக்காமல் அணிவிப்பது, இரவில் தூக்க மாத்திரை கொடுத்து அடக்கிவைக்காமல் இருப்பது, பழகிய ஒரே ஆள் கவனித்துக்கொள்வது ஆகியவைதாம் சிகிச்சை. இவற்றைவிட நல்ல மாத்திரை இதற்கு எங்களிடம் இல்லை.

இனி அண்ணனுடைய கேள்விக்கு வருகிறேன். அவர் நினைத்ததை நிபுணர்களே ஒரு காலத்தில் நினைத்தார்கள் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கனடாவின் வான்கூவரில் பணியாற்றிய பேட்ரிக் மெக்கீரும் எடித் மெக்கீரும் முடக்குவாத நோயாளிகளிடம் அல்சைமர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதை 1990-இல் சுட்டிக்காட்டினார்கள். அந்த நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் அழற்சி குறைக்கும் மாத்திரைகளை விழுங்குபவர்கள் ஆயிற்றே, அவைதாம் காப்பாற்றுகின்றனவோ என்ற ஐயம் எழுந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஏறத்தாழ 7,000 முதியவர்களைச் சராசரியாக ஏழு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2001-இல் வெளியானபோது, இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ இத்தகைய மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களிடம் அல்சைமர் ஆபத்து ஐந்தில் ஒரு பங்காகவே இருந்தது. அந்த எண்ணைப் பார்த்து உற்சாகம் கொள்ளாதவர்கள் குறைவு.

பிறகுதான் மாத்திரையையும் வெற்று மாத்திரையையும் குலுக்கல் முறையில் கொடுத்து ஒப்பிடும் சோதனைகள் வந்தன. அவை ஒவ்வொன்றாகத் தோற்றன. நோய் வந்தவர்களுக்கு ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோன் கொடுத்துப் பார்த்த சோதனை 2000-இல் பயனில்லை என்று முடிந்தது. நடத்தைச் சிக்கல்கள் சற்றுக் கூடவும் செய்தன. அழற்சி குறைக்கும் வலி மாத்திரைகளான ரோஃபெகாக்ஸிப், நாப்ராக்ஸென் இரண்டையும் சோதித்து 2003-இல் வந்த முடிவும் அதுவே. நோய் வருமுன் கொடுத்தால்தான் பலிக்கும் என்ற எண்ணத்தில், குடும்பத்தில் அல்சைமர் இருந்த, ஆனால் தாங்கள் நலமாக இருந்த எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு நாப்ராக்ஸெனும் அதே வகையைச் சேர்ந்த செலிகாக்ஸிபும் கொடுத்து 2001-இல் அமெரிக்காவில் தொடங்கிய சோதனை, இதயத்துக்கு ஆபத்து என்ற அச்சத்தால் 2004 டிசம்பரில் பாதியில் நிறுத்தப்பட்டது. தொடர்ந்து கவனித்ததிலும் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களுக்குத் தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரினோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்த சோதனையில், ஆஸ்பிரின் மறதி நோயைக் குறைக்கவில்லை, இரத்தக்கசிவைத்தான் கூட்டியது. அழற்சியையும் குறைக்கும் என்று பலர் நம்பிக்கை வைத்திருந்த, சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாகுளூட்டைட் மருந்தும் அல்சைமரின் போக்கை மாற்றவில்லை என்ற அறிவிப்பு 2025 நவம்பரில் வந்தது.

ஏன் இப்படி? மாத்திரை சாப்பிடும் அளவுக்குத் தெளிவோடு இருப்பவர்கள்தாம் மாத்திரை சாப்பிடுகிறார்கள். மறதி தொடங்கியவர் வலி மாத்திரையையும் மறந்துவிடுவார். எனவே முதலில் கண்ட அந்தத் தொடர்பு ஓரளவு தலைகீழாகக்கூட இருந்திருக்கலாம். அதைவிட ஆழமான காரணம் மைக்ரோகிளியாவின் இரட்டைக் குணத்தில் இருக்கிறது. ட்ரெம்-2 என்ற மரபணுவில் உள்ள ஓர் அரிய மாற்றம் அல்சைமர் ஆபத்தை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது என்று ஐஸ்லாந்து ஆய்வாளர்களும், பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளைச் சேர்ந்த மற்றொரு குழுவினரும் ஒரே நேரத்தில் கண்டறிந்தார்கள். அந்த மாற்றம் மைக்ரோகிளியாவைத் தூண்டிவிடுவதில்லை. அவை அமைலாய்டு படிவைச் சூழ்ந்து அடைத்து வைக்கும் வேலையை மட்டுப்படுத்துகிறது. அதாவது, நோயின் தொடக்கத்தில் இந்தச் செல்கள் நமக்காக உழைக்கின்றன, பிற்பாடு அவற்றின் உழைப்பே கேடாகிறது. எந்த ஆண்டு, எந்த நோயாளிக்கு, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறியாமல் ஒட்டுமொத்தமாக அடக்குவது பலிக்காததில் எனக்கு வியப்பில்லை. ட்ரெம்-2-ஐத் தூண்டும் மருந்து ஒன்று 2024-இல் தோற்றதையும் சேர்த்துப் பார்த்தால், அடக்கினாலும் போதவில்லை, தூண்டினாலும் போதவில்லை என்ற இடத்தில்தான் இன்று ஆய்வு நிற்கிறது. ‘அழற்சியை ஒழித்தால் அல்சைமர் ஒழியும்’ என்று காணொளியில் அடித்துச் சொல்பவர்கள் இந்த இருபது ஆண்டுக் கதையைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பயனில்லை என்பது ஒரு பக்கம் இருக்க, உங்கள் அம்மாவுக்குக் கெடுதலும் உண்டு. டோனெபெசில் வயிற்றில் அமிலச் சுரப்பைக் கூட்டக்கூடியது. அதோடு டைக்லோஃபெனாக் சேர்ந்தால் இரைப்பைப் புண்ணும் இரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு உயர்கிறது. இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் போன்ற மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் சர்க்கரை நோயாளியான முதியவருக்கு வலி மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்தைச் சாய்த்துவிடலாம். முழங்கால் வலிக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமாலும், மேலே தடவும் களிம்பும், தொடைத் தசைக்கான பயிற்சியும் போதுமா என்று முதலில் பாருங்கள். வலியை அப்படியே விட்டுவிடவும் கூடாது. வலியைச் சொல்லத் தெரியாத மறதி நோயாளி அதைக் கோபமாகவும் தூக்கமின்மையாகவும் காட்டுவார்.

மாத்திரை என்றதும் இன்னொன்று. சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் குளோர்ஃபெனிரமின் மாத்திரை, டைஃபென்ஹைட்ரமின் கலந்த இருமல் சிரப் ஆகியவை டோனெபெசிலுக்கு நேர் எதிராக வேலை செய்து குழப்பத்தைக் கூட்டும். டோனெபெசிலால் சிலருக்குச் சிறுநீர் கட்டுக்கடங்காமல் போகும். அதற்கு வேறொரு மருத்துவர் ஆக்ஸிபியூட்டினின் எழுதிக் கொடுப்பார். அது மறதியை மோசமாக்கும். இந்தச் சுழலில் சிக்கியவர்கள் பலர். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், பாதி தீர்ந்த சிரப் பாட்டில் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அழற்சியைப் பற்றிய அறிவை வீட்டில் பயன்படுத்த வேண்டிய இடம், அழற்சி கிளம்பும் இடங்கள்தாம். சிறுநீர்த் தொற்று ஒருமுறை வந்த பெண்ணுக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். இரவில் எழுந்து போக வேண்டியிருக்குமே என்று முதியவர்கள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள்; மறதி உள்ளவருக்குத் தாகமே உறைக்காது. ஆகவே இதயத்திலோ சிறுநீரகத்திலோ தடை இல்லையென்றால், கேட்கும்வரை காத்திராமல் மணிக்கொருமுறை அரை டம்ளர் தண்ணீரோ நீர்மோரோ கையில் கொடுத்துக் குடிக்கவைக்க வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் சிறுநீர் முழுதும் கழியாது, அதையும் கவனியுங்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் டாபாகுளிஃபுளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அது பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றைக் கூட்டக்கூடியது என்பதால், தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், பிறப்புறுப்பில் இடும் ஈஸ்ட்ரோஜென் களிம்பு நன்றாகப் பயன்படுகிறது. கேட்கக் கூச்சப்பட்டே பலர் இந்த எளிய வழியை இழக்கிறார்கள்.

அதே சமயம் எதிர்த் தவறும் நடக்கிறது. வயதான பெண்கள் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். அதற்குச் சிகிச்சை தேவையில்லை. அம்மா சற்றுக் குழம்பினாலே சிறுநீர்ப் பரிசோதனை செய்து, கிருமி என்று வந்ததும் ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிட்டால், உண்மையான காரணம் தப்பிவிடும். சோடியம் குறைந்திருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், நுரையீரலில் சளி கட்டியிருக்கலாம், யாரும் பார்க்காதபோது விழுந்து தலையில் இரத்தம் கசிந்திருக்கலாம். திடீர் மாற்றம் என்றால் இவை அனைத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வாயையும் ஒரு டார்ச் வைத்துப் பாருங்கள். கழற்றி மாட்டும் பல்செட்டுக்கு அடியில் இரண்டு நாள் சோற்றுப் பருக்கை ஒட்டியிருப்பதையும், ஈறு சிவந்து தொட்டாலே இரத்தம் கசிவதையும் வெளிநோயாளர் அறையில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஈறு நோய்க் கிருமிதான் அல்சைமரை உண்டாக்குகிறது என்ற கருத்தை நம்பி, அந்தக் கிருமியின் நொதியைத் தடுக்கும் மருந்து ஒன்றைச் சோதித்து 2021-இல் தோற்றார்கள். ஆகவே பல் துலக்கினால் மறதி நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஓயாத ஒரு தொற்று உடலில் குறையும், அம்மா நன்றாக மெல்லுவார், அசுத்தமான எச்சில் நுரையீரலுக்குள் இறங்கி வரும் நிமோனியாவும் குறையலாம், அவ்வளவும் போதாதா?

நடமாட்டம் குறைந்தால் தோலைக் கவனிக்க வேண்டும். 1906-இல் அலோய்ஸ் அல்சைமர் விவரித்த முதல் நோயாளியான ஆகஸ்ட் டெட்டர் என்ற பெண்மணி, படுக்கைப் புண்ணிலிருந்து இரத்தத்தில் பரவிய நச்சுத்தொற்றால்தான் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறந்தார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நோயாளிகளில் பலருடைய உயிரைத் தொற்றுதான் கொண்டுபோகிறது.

தடுப்பூசிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஆண்டுக்கொருமுறை இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியும், நியூமோகாக்கஸ் தடுப்பூசியும் அம்மாவுக்குப் போட வேண்டியவை. அக்கித் தடுப்பூசியைப் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2013 செப்டம்பரில் அந்தத் தடுப்பூசி அறிமுகமானபோது, 1933 செப்டம்பர் 2-க்கு முன் பிறந்தவர்களுக்கு அது கிடைக்காது என்று விதி வகுத்தார்கள். சில நாள் முன்னும் சில நாள் பின்னும் பிறந்த, மற்றபடி வேறுபாடே இல்லாத இரு கூட்டத்தாரை ஒப்பிட இது தானாக அமைந்த சோதனையாகிவிட்டது. போட்டுக்கொண்டவர்களிடம் ஏழு ஆண்டுகளில் மறதி நோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததாக 2025-இல் வெளியிட்டார்கள். பெண்களிடம் பலன் கூடுதல். நரம்பில் பதுங்கியிருக்கும் வைரஸ் அடங்குவதாலா, தடுப்பாற்றலே மாறுவதாலா என்பது விவாதத்தில் இருக்கிறது. அங்கு போட்டது, வலுக்குறைத்த உயிருள்ள வைரஸைக் கொண்ட பழைய வகைத் தடுப்பூசி. இந்தியாவில் இப்போது கிடைக்கும் புதிய வகையை இரண்டு தவணையாக 50 வயதுக்கு மேல் போடலாம். விலை அதிகம். அக்கியின் கொடிய வலியைத் தடுப்பதற்காகப் போட்டுக்கொள்ளுங்கள். மூளைக்கான பலனை உறுதியாக எண்ணிச் செலவிட வேண்டாம்.

மஞ்சளைக் குழம்பில் போடுவது போலவே தொடர்ந்து போடுங்கள். குர்குமின் கேப்சூல் வேண்டாம். அல்சைமர் நோயாளிகளிடம் செய்த சோதனைகளில் பலன் தெரியவில்லை, குடலிலிருந்து மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, உறிஞ்சுதலைக் கூட்ட மிளகுச் சத்து சேர்த்த கேப்சூல்களால் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் உள்ளன.

கடைசியாக உங்கள் சி.ஆர்.பி. ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் நடுவயதில் எடுத்து வைத்த இரத்தத்தில் சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தவர்களுக்கு, 25 ஆண்டுகள் கழித்து மறதி நோய் மூன்று மடங்கு வரை அதிகமாகக் காணப்பட்டதாக 2002-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆயிரம் பேரின் சராசரிக்கு அது பொருந்தும். உங்கள் ஒருவருடைய எதிர்காலத்தை அந்த எண் சொல்லாது. நேற்றுப் பிடித்த சளியும், பல்வலியும், இடுப்பைச் சுற்றிய கொழுப்பும் அதை ஏற்றிவிடும். ஏறியிருந்தால் அதற்கெனத் தனிச் சிகிச்சையும் இல்லை. அந்தப் பணத்தில் மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி., கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், காது கேட்கும் திறன் ஆகியவற்றைப் பாருங்கள். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகளில் இவை அடங்கும்; அந்தப் பதினான்கும் முழுதும் நீங்கினால் உலகில் மறதி நோயின் 45 விழுக்காடு வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. சர்க்கரை, உடற்பருமன், புகை, காற்று மாசு, உடலுழைப்பின்மை என அவற்றில் பல, உடலில் மெல்லிய அழற்சியை ஓயாமல் வைத்திருப்பவையும்கூட. அம்மாவுக்கு நோய் தெரிந்தது 72 வயதில் என்பதால், இளவயதிலேயே தாக்கும் அரிய பரம்பரை வகை இதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடலாம்.